அண்மை ரேடார் உருவமைப்பு: இரு முறைகளின் ஒப்பு

விமான நிலையங்களிற் பயணிகளைத் தீண்டாமலே சோதிக்கும் மில்லிமீட்டர் அலைக் கருவியை நம்மிற் பலர் கண்டிருப்பர். ஆடையை ஊடுருவி உடலிற்பட்டு மீளும் அலைகளைக் கொண்டு அஃது உருவம் சமைக்கின்றது. அவ்வாறு சமைத்தற்குரிய கணித முறைகளுள் எது சிறந்தது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் 'அண்மை' என்பதன் பொருளை அறிதல் வேண்டும். ரேடார் அலை தான் தோன்றிய இடத்தினின்று கோள வடிவாய்ப் பரவுவது. நெடுந்தொலைவு சென்றபின் அதன் வளைவு புலப்படாது, தட்டையென்றே கொள்ளலாம். அளக்கும் பரப்பின் அகலம் 1 மீட்டரும் அலைநீளம் 1 சென்டிமீட்டரும் ஆயின், அங்ஙனம் கொள்ளுதற்கு ஏறத்தாழ 200 மீட்டர் தொலைவு வேண்டும். சோதனைக்கு நிற்பவரோ 1 மீட்டருக்குள் நிற்கின்றார். ஆதலின் அலையின் வளைவைப் புறக்கணிக்கும் முறை இங்கே பயன்படாது.

வளைவைக் கணக்கிற்கொள்ளும் முறைகளுள் இரண்டு தலையாயவை. முதலாவது, புள்ளிதோறும் கூட்டும் முறை. உருவவெளியிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும், ஆன்டெனாவின் ஒவ்வொரு நிலையிலிருந்தும் அலை சென்று மீளும் காலத்தைக் கணித்து, அக்காலத்துக்குரிய எதிரலைகளைக் கூட்டுவது இது. பொருள் உள்ள புள்ளியில் அவை ஒத்துப் பெருகும். இல்லாத புள்ளியில் ஒன்றையொன்று அழிக்கும். ஆன்டெனா எவ்வாறு நகரினும், அதன் நிலைகள் அறியப்படின், இம்முறை பொருந்தும். இதன் குறை உழைப்பின் மிகுதியே. 10,000 நிலைகளில் அளந்து 10 லட்சம் புள்ளிகளுக்குக் கணித்தால், 1,000 கோடி முறை கூட்டல் நேரும்.

இரண்டாவது, அலைவெண் முறை. நில அதிர்வலைகளால் மண்ணடியை ஆராய்வோர் பொருட்டு ஸ்டோல்ட் என்பார் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழியைத் தழுவியது இது. எதிரலைகள் அனைத்தையும் ஒருங்கே அலைவெண்களாகப் பகுத்து, வளைவால் நேர்ந்த பிறழ்ச்சியைத் திருத்தி, மீண்டும் உருவாக்குகின்றது. 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு பூரியர் மாற்றம் இதற்குத் துணையாதலின், மேற்கூறிய வேலை சில கோடிக் கணக்குகளில் முடியும். ஆயின் அளக்கும் நிலைகள் சம இடைவெளியில் ஒழுங்குற அமைதல் வேண்டும். அவ்வொழுங்கு பிறழின், தளை தட்டிய வெண்பாவைப்போல் உருவமும் சிதையும்.

சிதைந்த உருவத்தில் ஆயுதம் தப்பக்கூடும், குற்றமற்றவர் ஐயுறப்படவுங்கூடும். கணிக்கக் காலம் நீடின், பயணிகள் வரிசையிற் காத்துக் கிடப்பர். ஆகவே, ஆன்டெனா ஒழுங்குற இயங்கும் நிலையான கருவிக்கு இரண்டாம் முறையும், கையிலேந்தி ஒழுங்கின்றி அசைக்கும் கருவிக்கு முதல் முறையும் ஏற்றனவாம். ஒரு முறையைப் போற்றுமுன், அது எதனை முன்கொண்டு நிற்கின்றது என்றும், அது நம் கருவியில் மெய்யாகின்றதா என்றும் வினவுதல் நம் கடமையாகும்.