வெயிலில் இயங்கும் நீரூற்று: தோட்டத்துத் தொட்டியில் அமைக்கும் முறை

வெள்ளகோவில் வட்டாரம் மழை மறைவுப் பகுதி, பி.ஏ.பி. பாசனத்தின் கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் வராத நாட்களில் கிணறும் ஆழ்குழாய்க் கிணறுமே துணை. இங்கே நீரூற்று வைப்பது வீண் ஆடம்பரம் என்று தோன்றலாம். ஆனால், பாசனத் தண்ணீர் தங்கிச் செல்லும் தொட்டியிலேயே அதை அமைத்தால், ஊற்றில் ஆடிய நீர் தென்னைக்கும் முருங்கைக்கும் போய்ச் சேரும். கண்ணுக்கும் குளிர்ச்சி, பறவைகளுக்கும் தண்ணீர்.

இதற்கு வேண்டியவை மூன்று: சூரிய ஒளித் தகடு, நீரில் மூழ்கும் சிறு மோட்டார், பூவாளி போன்ற துளை முனை. மின் இணைப்பு தேவையில்லை. பேட்டரி இல்லாத வகையில், வெயில் ஏற ஏற ஊற்று உயரும். மேகம் மறைத்தால் தாழும். பொழுது சாய்ந்தால் நின்றுவிடும்.

தகடும் மோட்டாரும் தனித்தனியாக உள்ள வகையே ஏற்றது. தொட்டி நிழலிலும் தகடு வெயிலிலும் இருக்கலாம். தகட்டைத் தெற்கு நோக்கி, சுமார் 11 டிகிரி சாய்வாக வைக்க வேண்டும். ஒரு மூலையில் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். படியும் தூசியை அவ்வப்போது துடைப்பது அவசியம்.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நீர்த்துளிகளை வெளியே அடித்துச் செல்லும். முனையிலிருந்து தொட்டி விளிம்பு 3 அடி தூரம் என்றால், ஊற்று 3 அடிக்கு மேல் எழக் கூடாது. காற்றுக் காலத்தில் ஒன்றரை அடி போதும்.

இழப்பை விவசாயியே அளக்கலாம். தண்ணீர் பாய்ச்சாத நாளில், காலையிலும் மறுநாள் காலையிலும் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் குறைந்தால், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு 1 லிட்டர் இழப்பு. இழப்பு மிகுந்தால் ஊற்றைத் தாழ்த்த வேண்டும்.

இரவில் நீர் அசையாததால் கொசு முட்டையிடும். சில கப்பி மீன்களை விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். மீன் உள்ள தொட்டியில் உரமோ பூச்சிமருந்தோ கலக்கக் கூடாது. உப்புநீரால் துளைகள் அடைத்தால், முனையைக் கழற்றி எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். மோட்டார் எப்போதும் மூழ்கியே இருக்க வேண்டும். நீரின்றி ஓடினால் கெட்டுவிடும்.

பாசனத்துக்கான சூரிய பம்புசெட்டும் இதே முறையில்தான் இயங்குகிறது. வெயில் உள்ளபோது இறைத்துத் தொட்டியில் தேக்கி, வேண்டும்போது பாய்ச்ச வேண்டும். பெரிய பம்புசெட் வாங்க எண்ணுவோர் வெயில், நிழல், மேகம் ஆகியவற்றின் போக்கை முதலில் இச்சிறு ஊற்றில் கண்டறிவது நல்லது.