கட்டட நிழற்படமும் மிகைத் திருத்தமும்

ஒரு சிறந்த கட்டடத்தை நேரிற் காணும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. கடல் கடந்த நாடுகளின் ஆலயங்களையும் மாளிகைகளையும் நம்மிற் பலர் நிழற்படத்தின் வாயிலாகவே அறிகின்றோம். ஆதலின், கட்டடத்தைப் படம் எடுப்போன் காணாதார்க்குக் கண்ணாய் நின்று சான்று பகர்பவன் ஆகின்றான். அச்சான்று எவ்வளவில் மெய்யாய் நிற்கும், எவ்வளவில் பொய்யாய்த் திரியும் என்பதனை, இக்காலத்துப் பரந்து வழங்கும் எச்.டி.ஆர். என்னும் முறையைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் அம்முறை வேண்டப்பட்டதன் காரணத்தை அறிதல் நலம். நண்பகலில் ஓர் ஆலயத்தினுள் நிற்கும் ஒருவன், பலகணியின் வண்ணக் கண்ணாடியையும் தூணின் பின்னுள்ள இருண்ட மூலையையும் மாறிமாறி நோக்குகின்றான். அவன் கண்மணி நோக்குமிடத்திற்கு ஏற்பச் சுருங்கியும் விரிந்தும் கொடுக்கின்றது. அவன் உள்ளம் பல நோக்குகளை ஒரு காட்சியாக இணைத்துக்கொள்கின்றது. காமிராவுக்கோ ஒரு படத்திற்கு ஒளியளவு ஒன்றே. பலகணிக்கு ஏற்ப அளவிடின் மூலை மையாய்க் கறுக்கும். மூலைக்கு ஏற்ப அளவிடின் பலகணி வெறுந்தாளாய் வெளுக்கும். இரண்டும் அம்மனிதன் கண்ட காட்சி அல்ல. ஆகவே, திருத்தம் யாதும் செய்யாத படமே மெய்ப்படம் என்பாரது கூற்றுப் பொருந்தாது.

இக்குறை நெடுநாளையது. பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே என்பார், 1850-களில், கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக எடுத்த இரண்டு எதிர்ப்படங்களை ஒரே தாளில் இணைத்து அச்சிட்டுக் காட்டினார். பின்னர் 1997ஆம் ஆண்டில் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் என்னும் இருவர், ஒரே காட்சியைப் பல ஒளியளவில் எடுத்த படங்களினின்றும் அக்காட்சியின் ஒளியைக் கணக்கிட்டறியும் வழியை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டவற்றுள் ஒன்று அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு நினைவாலயத்தின் உட்புறமாகும். அதனை 30 நொடி முதல் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு கூறு வரை நேரத்தை ஏறக்குறையப் பாதி பாதியாகக் குறைத்து, 16 படங்களில் பதிவு செய்தனர். ஓர் ஆலயத்தின் ஒளியை முழுதும் அளக்கப் பதினாறு படம் வேண்டியிருந்தமை கருதத்தக்கது.

இம்முறையின் செயற்பாடு இரு படிகளையுடையது. முதற்படியிற் காமிராவை முக்காலியில் அசையாது நிறுத்தி, வில்லையின் துளையளவை மாற்றாது, ஒளி புகும் நேரத்தை மட்டும் மாற்றி, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று அல்லது ஐந்து படங்கள் எடுப்பர். ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காதல். எனவே இரண்டு ஸ்டாப் நான்கு மடங்காம். இப்படங்களைக் கணிப்பொறி ஒன்றாக இணைக்கும். இதுகாறும் பொய் யாதும் புகவில்லை. உள்ள ஒளியெல்லாம் கணக்கில் ஏறியது, அவ்வளவே. இரண்டாம் படியே இடர் விளைப்பது. இணைந்த படத்தில் அடங்கிய ஒளி வேறுபாடு பல்லாயிர மடங்காகலாம். அச்சுத்தாள் காட்டவல்லதோ ஏறக்குறைய நூறு அல்லது இருநூறு மடங்கே. கடலைக் குடத்துள் அடைப்பது போன்ற இச்சுருக்கத்தை டோன் மாப்பிங் என்பர்.

சுருக்குங்கால், சிறு பகுதி ஒவ்வொன்றையும் தனித்தனியே விளங்கச் செய்தல் வேண்டுமென்னும் ஆசை எழும். அவ்வாசை மிகின் கேடுகள் பல தோன்றும். கூரை விளிம்பைச் சுற்றி வானத்தில் ஒளிவட்டம் படரும். தாழ்வாரத்து நிழல் சாம்பல் நிறமாகும். வெண்சுண்ணச் சுவர் அழுக்கேறியது போலாகும். தெளிந்த வானம் புயல்வானமாகும். வழவழப்பான கல் சொரசொரப்பாகும். செங்கல் குருதிநிறங் கொள்ளும்.

அற்றேல், எவ்வளவு திருத்தம் மிகையாம்? இத்தனை என எண்ணிட்டுக் கூறல் இயலாது. கட்டடந்தோறும் அது வேறுபடும். யாம் கொள்ளும் அளவுகோல் ஒன்றே: கட்டடத்தில் ஒளி நின்ற வரிசை படத்திலும் நிற்றல் வேண்டும். எது பேரொளி, எது சிற்றொளி, எது நிழல், எது இருள் என்னும் முறைவைப்பில் இடைவெளி சுருங்கலாம், வரிசை புரளலாகாது. பலகணியினும் அதனால் ஒளி பெறும் சுவர் மிக்கு விளங்குமாயின் அப்படம் பொய்த்ததென்க.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதும். ஜப்பான் நாட்டு ஒசாக்கா மாநிலத்து இபராக்கி நகரில், ததாவோ ஆண்டோ என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த ஒளி ஆலயம் 1989ஆம் ஆண்டு முற்றுப்பெற்றது. அது பூச்சற்ற கான்கிரீட்டாலாகிய ஒரு சிறு கூடம். வழிபடுவோர் எதிர்நோக்கும் சுவர் சிலுவை வடிவிற் பிளக்கப்பட்டுள்ளது. அப்பிளவின் வழியே புகும் ஒளியே அங்குச் சிலுவை. சுற்றியுள்ள இருளே அச்சிலுவையை உருவாக்குவது. அக்கூடத்தின் நிழலையெல்லாம் மேலேற்றி, பலகையின் ஒவ்வோர் இழையையும் காட்டி, பிளவின் ஒளியைத் தாழ்த்தினால் எஞ்சுவது யாது? சாம்பல்நிறச் சுவரிற் குறுக்கும் நெடுக்குமாக இரு சந்துகள். கட்டடம் முழுதும் தெரியும்; ஆலயம் மறைந்துபோம்.

கலைஞனுக்கு உரிமை இல்லையோ எனச் சிலர் வினவுவர். உண்டு. தண்டியலங்காரம் பொருளணிகளுள் தன்மையணியை முதற்கண் வைத்தது. உயர்த்திக் கூறும் அதிசய அணியையும் அதனோடு எண்ணியது. எனினும், ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. புலவன் உயர்த்திக் கூறுங்கால் அஃது உயர்வென்பதனைக் கேட்போன் அறிவான். ஆதலின் ஏமாற்றம் இல்லை. நிழற்படத்தைக் காண்போனோ அதனை உள்ளது உள்ளவாறே கொள்கின்றான். ஆகவே, மிகைப்படுத்திய படத்தைக் கலைப்படம் என வெளிப்பட உரைத்துக் காட்டுதல் தகும். சான்றுப்படம் எனக் காட்டுதல் தகாது.

இச்சான்றின் அருமை இழப்பு நேர்ந்தவழியே புலனாகும். பாரிசு மாநகரத்து நோத்ருதாம் பேராலயம் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தீப்பட்டது. புதுக்கப்பெற்று 2024ஆம் ஆண்டு டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. உட்சுவர்கள் தூய்மை செய்யப்பட்டமையால் இன்று வெளிறி ஒளிர்கின்றன. தீக்கு முன்னர் அங்கு நிலவிய மங்கிய ஒளியை இனி எவரும் நேரிற் காணார். பழைய படங்களிடமே கேட்டறிதல் வேண்டும். அப்படங்களின் நிழலை எடுத்தோன் தன் விருப்பப்படி வெளுப்பித்திருப்பின், அவ்விருளுக்குச் சான்று யாண்டும் இல்லை.

இறுதியாக, பயில்வார்க்குச் சில கூறுதும். ஒரு படம் போதுமாயின் பலவற்றை இணைக்க வேண்டா. திருத்திய படத்தை நடுத்தர அளவில் எடுத்த மூலப்படத்தோடு ஒப்பிட்டு நோக்குக. முடித்த படத்தை ஒருநாள் வைத்து மறுநாட் காண்க. முன்னாளில் அழகெனத் தோன்றியது மறுநாள் மிகையெனத் தோன்றும். மூலப்படங்களை அழியாது போற்றுக. எல்லாவற்றினும் மேலாக, படம் எடுக்குமுன் அக்கட்டடத்துட் சிறிதுநேரம் வாளா நின்று, எங்கே ஒளி, எங்கே இருள் என்பதனைக் கண்ணாற் கற்றுக்கொள்க.

ஒளியையும் இருளையும் வெவ்வேறாகப் பிரித்தது படைப்பின் முதல் நாட்செயல் என்று திருமறை கூறும். பிரிந்த அவ்விரண்டையும் மீண்டும் குழைத்துச் சாம்பலாக்குதல் நம் தொழில் அன்று.