சித்திரையில் முக்குளிப்போர் கவனத்துக்கு: கடலுக்கும் மலைக்கும் இடையே ஒரு நாள்

வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் கொண்டுசேர்க்கும் வண்டலால் கலங்கிக் கிடக்கும் புதுச்சேரிக் கடல் மாசிக்குப் பின் தெளியத் தொடங்குவதால், திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள அக்கடலுக்கு ஸ்கூபா முக்குளிப்புக்காக, அதாவது காற்று நிரப்பிய உருளையைச் சுமந்து நீருக்கடியில் மூச்சுவிட்டபடி நீந்துவதற்காகச் செல்வோர், பௌர்ணமிக் கிரிவலத்தையும் மலையேற்றத்தையும் அதனோடு சேர்த்துத் திட்டமிடலாகாது.

அங்குள்ள ‘டெம்பிள் ரீஃப்’ சுமார் 18 மீட்டர் ஆழத்தில் கான்கிரீட், இரும்பு முதலியவற்றை இறக்கி உருவாக்கப்பட்ட செயற்கைத் திட்டாகும்; வெறும் மணற்பரப்பில் பற்றிக்கொள்ள இடமில்லாத சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் இத்தகைய திட்டுகளில் குடியேற, அவற்றை நாடிச் சிறுமீன்களும், அவற்றைத் தின்னக் கலவாவும் அஞ்சாலையும் வந்து சேர்கின்றன. கட்டைகளின் விளிம்புக்கடியில் துடுப்புகளை விசிறிபோல் விரித்து அசையாது நிற்கும் சிங்கமீன், நஞ்சுள்ள தன் முட்களை நம்பியிருப்பதால் மனிதரைக் கண்டும் விலகாது. எனவே நீரோட்டத்தில் தடுமாறும்போதும் பிடிமானத்துக்காகக் கட்டையைப் பற்றக் கூடாது. முள் தைத்தால், தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் (45 பாகைக்கு மிகாமல்) அவ்விடத்தை அமிழ்த்தி வைத்து, தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 கோடை வெப்பத்தில் வெளுத்ததைப் போன்ற உயிருள்ள பவளம் எங்கு தென்பட்டாலும் அதைத் தொடாதிருப்பது கடமை.

இவற்றினும் முக்கியமானது உடலில் கரையும் நைட்ரஜன். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையிலுள்ளதைப் போல் இருமடங்காவதால், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. அது முழுதும் வெளியேறுமுன் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குச் சென்றால், குமிழிகளாகி மூட்டுவலி, உணர்வின்மை, பக்கவாதம் வரை விளைவிக்கும். இதுவே அழுத்தத்தளர்வு நோய். ஆதலால், ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழியாமல், 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களுக்குச் செல்லலாகாது. திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள பர்வதமலை 1,300 மீட்டரையும் கடந்தது; ஜவ்வாது மலைக்குக் காரில் செல்வதும் ஏற்றமே.

கிரிவலப் பாதை சமதளமாயினும், 14 கி.மீ. இரவு நடையால் நீரிழந்து, உறக்கமும் இழந்த உடலோடு விடியலில் மூழ்குவது அந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதால், முழு உறக்கமும் போதிய நீரும் பெற்ற பின்னரே கடலிறங்க வேண்டும். விரதமிருப்போர் அன்று மூழ்குவதைத் தவிர்ப்பது நலம். ஊர் திரும்பிய பின் மேற்கண்ட அறிகுறி ஏதேனும் தோன்றினால், அதை நடைக்களைப்பென்று ஒதுக்காமல் 108-ஐ அழைத்து, மூழ்கிய நேரத்தையும் ஆழத்தையும் மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.