மெய்நிகர் கணினியில் இடம் பெருக்குதல்

இரவெல்லாம் ஓடிய ஆய்வுக் கணக்கு, விடியற்காலையில் வட்டில் இடமின்றி நின்றுபோவது நம்மிற் பலருக்குப் புதிதன்று. உடனே விர்ச்சுவல்பாக்ஸில் 40 ஜிபி வட்டை 80 ஆக்குகின்றோம். உள்ளேயுள்ள லைனக்ஸோ பழைய இடத்தையே காட்டுகின்றது. பக்கத்து நிலத்தை வாங்கினாலும், பழைய வேலியைப் பிடுங்கித் தள்ளி நட்டாலன்றி உழ முடியுமா?

வட்டின்மேல் பகுதி, பகுதியின்மேல் எல்விஎம், அதன்மேல் கோப்பு முறைமை என அடுக்குகள் உள. கீழிருந்து மேலாகவே விரிக்க வேண்டும். குரோபார்ட், பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டெண்ட் என்பன அவ்வரிசைக்குரிய கட்டளைகள். கடைசிக் கட்டளையோடு ‘-ஆர்’ என்னும் குறியைச் சேர்த்தால் கோப்பு முறைமையும் உடன் விரியும். ஈஎக்ஸ்டி4 ஆயின் அப்போது லைனக்ஸை நிறுத்தவும் வேண்டுவதில்லை.

ஆயினும் ஒன்றை வற்புறுத்துவேன்: வட்டைத் தொடுமுன் விஜிஎஸ் கட்டளையை இட்டுப் பாருங்கள். உபுண்டு சர்வர் நிறுவி, தானே எல்விஎம் அமைக்கும்போது, 20 முதல் 200 ஜிபி வரையுள்ள வட்டில் ஏறத்தாழப் பாதியையே வேர் முறைமைக்குத் தருகின்றது. மீதி வாளா கிடக்கும். இச்சிக்கனம் நல்லதே, ஆனால் நிறுவும் அவசரத்தில் அத்திரையை யார் படிக்கின்றனர்? அவ்விடம் இருப்பின் எல்விஎக்ஸ்டெண்ட் ஒன்றே போதும்.

இல்லையெனில், முதலில் ஆய்வுக் கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வையுங்கள். பின் எல்எஸ்பிஎல்கே கொண்டு பகுதிகளின் வரிசையை நோக்குங்கள். நீட்ட வேண்டிய பகுதிக்கு அடுத்தே ஸ்வாப் பகுதி நின்றால் குரோபார்ட் நீட்டாது. ஸ்வாப்ஆஃப் செய்து அதனை அகற்றி, எஃப்எஸ்டேப் கோப்பில் அதற்குரிய வரியையும் நீக்குங்கள்.