விரல் துளை இல்லாத குழல்: நார்வேயின் வில்லோ பட்டைக் குழலைச் செய்வதும் வாசிப்பதும்

நார்வேயின் வில்லோ பட்டைக் குழலில் விரல் வைக்க ஒரு துளைகூடக் கிடையாது. ஒரு முனைக்குப் பக்கத்தில் ஊதுதுளை, அதையடுத்து ஒலி பிறக்கும் துளை, மறுமுனையில் திறந்த வாய். அவ்வளவுதான் கருவி. அந்தத் திறந்த வாயை ஆள்காட்டி விரலால் மூடித் திறப்பதும், மூச்சைக் கூட்டிக் குறைப்பதும்தான் வாசிப்பு. மலை மேய்ச்சல் நிலங்களில் ஆடு மாடு மேய்த்தவர்களும் கிராமத்துப் பிள்ளைகளும் வசந்தகாலத்தில் தாங்களே செய்து ஊதிய குழல் இது. செல்யே என்ற வில்லோ மரத்தின் பட்டையில் செய்வதால் செல்யேஃப்ளோய்தே என்பார்கள். நாம் செல்யே குழல் என்றே வைத்துக்கொள்வோம்.

செய்வதற்குக் கூரான சிறு கத்தி ஒன்று போதும். ஆனால் பருவம் தவறினால் எந்தக் கத்தியும் உதவாது. ஓஸ்லோவிலும் பேர்கனிலும் இருக்கும் நம்மவர்கள் அடுத்த வசந்தத்தில் இதைச் செய்து பார்க்கலாம். இங்கே இருப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் குழாய் வழி ஒன்று உண்டு; அதைப் பின்னால் சொல்கிறேன். அவர்களும் பட்டைப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம், அளவுகளெல்லாம் அங்கேதான் வருகின்றன.

பருவமும் கிளையும்

பனி உருகி மரத்தில் சாறு ஏறும்போது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் வளர்படலம் விழித்துக்கொள்கிறது. அங்கே புதிதாகப் பிறக்கும் செல்களுக்குச் சுவர் மெல்லியது, உள்ளே முழுக்க நீர். அந்த நாட்களில் மட்டும் பட்டை கட்டையை விட்டு முழுசாக வழுக்கி வரும். தாழ்நிலத்தில் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ இது தொடங்கும். மலை மேலே போகப் போகத் தள்ளிப்போகும். இலை துளிர்த்து விரியும் சமயம் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. கோடை முற்றிவிட்டால் பட்டை கட்டையோடு ஒட்டிக்கொள்ளும்.

காடு மேடெல்லாம் யாரும் நடக்கலாம் என்ற உரிமை நார்வேயில் உண்டு. பச்சை மரத்தை வெட்டும் உரிமை அதில் சேராது. நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள். வெட்டிய அடிக்கட்டையிலிருந்து செல்யே மறுபடி தழைக்கும். அப்படித் தழைத்து நெடுநெடுவென்று போன கிளைகள்தான் குழலுக்கு நல்லவை.

கட்டைவிரல் கனம், 60 சென்டிமீட்டர் நீளம், நடுவில் கணுவோ பக்கக் கிளையோ கூடாது. ஒரு கணு இருந்தால் அந்த இடத்தில் பட்டை கிழியும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். நீளத்துக்கு எல்லை உங்கள் கைதான்: குழலைப் பக்கவாட்டில் பிடித்து ஊதும்போது வலக்கை விரல் மறுமுனையை எட்ட வேண்டும். செல்யே அகப்படாவிட்டால் ரோவன் மரக் கிளையும் ஆகும், அங்கேயும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பட்டையைக் கழற்றுதல்

பொறுமை வேண்டிய வேலை இதுதான். கிளையின் பருத்த முனையில் ஒரு கைப்பிடி அளவு விட்டு, பட்டையைச் சுற்றி வட்டமாகக் கட்டை வரை வெட்டுங்கள். அந்தக் கைப்பிடிப் பகுதியின் பட்டையைச் சீவி எறிந்துவிடலாம். பிடித்துக்கொள்ள வெறும் கட்டை கிடைத்துவிட்டது. சிறுத்த முனையை நேராகத் துண்டியுங்கள்.

இப்போது பட்டை முழுக்கத் தண்ணீரில் நனைத்து, கிளையை முழங்கால் மேல் வைத்துக் கத்திப் பிடியால் தட்டிக்கொண்டே வர வேண்டும். ஓங்கி அடித்தால் பட்டை நசுங்கி வெடிக்கும்; மெதுவாக, நெருக்கமாக, கிளையை உருட்டி உருட்டி ஓர் இடம் விடாமல் தட்டுங்கள். பட்டை கழலச் சொல்லிச் சாற்றை அழைக்கும் சிறு பாட்டுகள் அந்த ஊர்களில் உண்டு. மந்திரம் என்று பிள்ளைகள் நம்பியிருக்கலாம். மந்திரமோ இல்லையோ, பாடிக்கொண்டே தட்டினால் தட்டு சீராக விழும், கையின் அவசரமும் அடங்கும்.

போதுமான அளவு தட்டியாயிற்றா என்று அறிய, இடக்கையால் வெறும் கட்டையையும், ஈரத்துணி சுற்றிய வலக்கையால் பட்டையையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். முதலில் அசையாது. பிறகு எங்கோ ஓரிடத்தில் மெல்லிய ‘க்ளுக்’ கேட்கும், கையில் தெரியும். அங்கே விட்டுவிட்டது. பிடியை நான்கு விரல்கடை தள்ளி மறுபடி முறுக்குங்கள். முழு நீளமும் சுழலத் தொடங்கிய பிறகே இழுக்க வேண்டும். அதுவும் சிறுத்த முனையை நோக்கித்தான். மாற்றி இழுத்தால் பருத்த கட்டை பட்டையைப் பிளந்துவிடும். பட்டை குழாயாக உருவி வந்ததும் உள்ளே வழவழவென்று வெளுத்த கட்டை நீர் சொட்ட நிற்கும். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

தக்கையும் துளைகளும்

அந்தக் கட்டையின் பருத்த பகுதியிலிருந்து 6 சென்டிமீட்டர் துண்டு வெட்டினால் அதுதான் தக்கை. அந்தப் பட்டைக்குள்ளேயே வளர்ந்தது என்பதால் அளவு தானாகப் பொருந்தும்.

துளைகளை எப்போது வெட்டுவது? பட்டையை உருவும் முன்பே வெட்டிவிட்டால் முறுக்கும்போது துளையிலிருந்து கிழியும் ஆபத்து உண்டு. உருவிய பிறகு, தக்கையை உள்ளே செருகி, அதன் மேல் கத்தியை ஊன்றி வெட்டுவதுதான் என் கட்சி. முனையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி நீள்வட்டமாக ஊதுதுளை. 6 சென்டிமீட்டரில் ஒலித்துளை தொடங்கும். தக்கையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு அதை வெட்டுங்கள். நீளவாக்கில் 5, 6 மில்லிமீட்டர், குறுக்கே 8 மில்லிமீட்டர் இருக்கட்டும். அதன் தொலைவிலுள்ள விளிம்பை வெளிப்பக்கமாகச் சரித்துக் கூராக்க வேண்டும். காற்று மோதி ஒலி பிறப்பது அந்த விளிம்பில்.

இனி தக்கையை வெளியே எடுங்கள். வெளி முனையில் 2 சென்டிமீட்டரை உருண்டையாகவே விட்டுவிட்டு, மீதிப் பகுதியின் மேல்புறத்தை மட்டும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சமமாகச் சீவுங்கள். அதுதான் காற்றுவழி. திரும்பச் செருகும்போது சீவிய பக்கம் துளைகளுக்கு நேர் கீழே வர வேண்டும், தக்கையின் உள்முனை ஒலித்துளையின் தொடக்கத்தோடு நிற்க வேண்டும். ஊதினால் காற்று ஊதுதுளையில் இறங்கி, தக்கைக்கு மேலே ஓடி, விளிம்பில் மோதும்.

சத்தமே வரவில்லை என்றால் முதலில் தக்கையைச் சந்தேகப்படுங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் ஈர நூல் சுற்றுங்கள். இரைச்சல் அதிகமாகி ஸ்வரம் மங்கினால் காற்றுவழி ஆழமாகிவிட்டது. வேறு தக்கைதான் வழி. கீழ் ஸ்வரங்கள் வந்து மேல் ஸ்வரங்கள் வர மறுத்தால் விளிம்பு மழுங்கியிருக்கும், இல்லையேல் ஒலித்துளை நீளமாகியிருக்கும்.

பிளாஸ்டிக் குழாய் வழி

பட்டைக் குழல் சில நாட்களில் காய்ந்து சுருங்கி வெடிக்கும். ஈரத்துணி சுற்றியோ தண்ணீரில் போட்டோ வைத்தால் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். வருஷம் முழுவதும் வாசிக்க விரும்பும் நார்வே கலைஞர்களே பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிட்டார்கள், அதில் குறையேதும் இல்லை. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் முக்கால் இஞ்ச் வயரிங் பைப் வாங்கி 65 சென்டிமீட்டருக்கு அறுத்துக்கொள்ளுங்கள். துளைகளின் அளவும் இடமும் மேலே சொன்னபடியே. ஒலித்துளையை ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தால் விளிம்பைச் சரித்து, பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தக்கைக்கு எந்த மரமும் ஆகும், இறுக்கமாக உட்கார்ந்தால் சரி.

வாசிப்பு: ஒற்றைக்கு மூடு, இரட்டைக்குத் திற

முனை திறந்த எந்தக் குழாயிலும் ஒரு ஆதார ஒலியும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேலே ஏறும் கிளை ஒலிகளும் உறங்குகின்றன. மூச்சின் வேகம் கூடக் கூட ஒவ்வொன்றாக எழும். முனையை மூடினால் ஆதார ஒலி ஒரு ஸ்தாயி இறங்கிவிடும், அதன் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே ஒலிக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, மூடிய குழாயின் ஆதாரத்தை 1 என்று எண்ணத் தொடங்கினால் கணக்கு சுலபம்: ஒற்றை எண்கள் எல்லாம் மூடிய முனையில், இரட்டை எண்கள் எல்லாம் திறந்த முனையில்.

வாசிப்பின் வீடு 8-லிருந்து 16 வரை. அதில் 8 ச, 9 சதுஸ்ருதி ரி, 10 அந்தர கா, 12 ப, 16 மேல் ச. தம்புராவில் காது வைத்தால் தானாக எழும் அந்தர காந்தாரம் இதே வரிசையில் பிறந்ததுதான். 14 கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும், 15 காகலி. சிக்கல் 11, 13 இரண்டிலும்தான். 11 சுத்த மத்யமமும் இல்லை, பிரதி மத்யமமும் இல்லை, ஏறக்குறைய இரண்டுக்கும் நடுவே. 13 சுத்த தைவதத்துக்கும் சதுஸ்ருதி தைவதத்துக்கும் இடையே. மொத்தத்தில் வாசஸ்பதியின் ஆரோகணத்தைக் கொஞ்சம் வளைத்தது போல் கேட்கும். அந்த இரண்டு ஸ்வரங்களைத் திருத்த முயலாதீர்கள். மூச்சைக் குறைத்தோ முனையைப் பாதி மூடியோ சரிக்கட்டினால் குழலின் முகமே போய்விடும்.

முதல் சில நாட்கள் முனையைத் திறந்தே வைத்து ச, கா, ப, மேல் ச மட்டும் ஊதுங்கள். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு மூச்சு என்று வயிறு அறிந்த பிறகு விரலைச் சேருங்கள்: திற, மூடு, திற, மூடு என்று ஏறினால் 8, 9, 10, 11 வந்துவிடும். பிறகுதான் சுவையான வேலை. மூச்சை ஒரே அளவில் நிறுத்தி விரலை மட்டும் படபடவென்று அடித்தால் பக்கத்து ஸ்வரங்கள் இரண்டும் பின்னிக்கொண்டு ஒலிக்கும். இந்தக் குழலின் அலங்காரங்கள் பெரும்பாலும் இப்படி விரல் நுனியில் பிறப்பவை. விரல் முனையை முழுசாக மூடாவிட்டால் ஒற்றை எண் ஸ்வரங்கள் கலங்கிவிடும், அதில் கறாராக இருங்கள்.

டெலமார்க் பகுதியின் லோர்டாலில் 1901-இல் பிறந்த இசையமைப்பாளர் ஐவின் க்ரூவன் இந்தக் குழலை வாசித்தவர். 1927-இல் அவர் வெளியிட்ட நூல், நார்வே நாட்டுப்புற இசையில் கேட்கும் இந்த இடைப்பட்ட ஸ்வரங்களுக்குச் செல்யே குழலின் இயற்கை வரிசையே வேர் என்று வாதிட்டது. ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஒப்பவில்லை. ஒரு கருவி ஒரு நாட்டின் காதையே செதுக்கியது என்பது எனக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் பியானோவுக்குச் சரிசெய்யப்பட்ட காதால் இந்த இசையை அளக்கக்கூடாது என்ற அவருடைய பிடிவாதம் சரி. அதே பிடிவாதத்தில், வாசிக்க வாசிக்கச் சுத்தமான சுருதியைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆர்கன் ஒன்றையும் அவர் உருவாக்கினார். ஹல்லிங், ஸ்பிரிங்கார் போன்ற நடன மெட்டுகளைச் செல்யே குழலில் வாசித்த பதிவுகள் கிடைக்கின்றன. ஹார்டாங்கர் பிடிலில் அதே வகை மெட்டுகளையும் கூடவே கேட்டால் 11-ஆம் ஸ்வரத்தின் சுவை பிடிபடும்.

பிறரோடு சேர்ந்து வாசிப்பதானால், மற்றவர்கள்தான் குழலின் சுருதிக்கு வர வேண்டும். குழலின் சுருதியை ஏற்ற மட்டுமே முடியும்: 60 சென்டிமீட்டர் குழலில் திறந்த முனையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் குறைத்தால் ஏறத்தாழ அரைச் சுருதி ஏறும். அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக அறுத்து, ஒவ்வொரு முறையும் தம்புராவோடு ஒத்துப் பாருங்கள்.