கூடாரத்துக்குள் குட்டி வேட்டைக்காரர்கள்

கேள்வி: அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் சிறு பிள்ளைகளையும் கூட்டிப்போகிறார்களாமே! துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு மான் எப்படி அகப்படும்?

பதில்: அதற்குத்தான் தரையில் விரிக்கும் மறைவுக் கூடாரம். குடை மாதிரி விரியும். மடக்கினால் முதுகில் மாட்டிக்கொள்ளலாம். மரத்தில் பரண் கட்டினால் பிள்ளை விழுந்துவிடுமோ என்று பயம். கையை அசைத்தாலே மான் கண்டுகொள்ளும். கூடாரத்துக்குள் மிட்டாய் தின்னலாம், படக்கதை புரட்டலாம், மழைக்கும் ஒதுங்கலாம். உள்பக்கத் துணி கறுப்பாக இருப்பதே உள்ளே நடப்பது வெளியே தெரியாமலிருக்கத்தான். முதுகுப்பக்க ஜன்னலைத் திறந்தால் போச்சு: பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்து உருவம் நிழலாகத் தெரிந்துவிடும். பிள்ளைகளின் கை முதலில் போவதோ அந்த ஜிப்புக்குத்தான்!

கூடாரம் அசைவை மறைக்கும், வாடையை அவ்வளவாக மறைக்காது. மான் வரும் பக்கமிருந்துதான் காற்று நம்மை நோக்கி வீச வேண்டும். திடீரென முளைத்த கூடாரத்தையும் வெண்வால் மான் லேசில் நம்பாது. சில நாள் முன்பே அடித்து, சுற்றிலும் கிளைகளைச் சொருகிவிடுவார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தில் 2017 முதல், வழிகாட்டியோடு போகும் பிள்ளைக்கு வயது வரம்பே இல்லை. முன்பு 10 என்று இருந்தது. அதுவே தேவலை என்பேன். வழிகாட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். துப்பாக்கி வேட்டைக் காலத்தில், அங்குள்ள இயற்கைவளத் துறை நிலங்களில் அடிக்கும் கூடாரத்தில் 144 சதுர அங்குலமாவது பளீர் ஆரஞ்சோ பிங்க்கோ எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். ஆரஞ்சு மான் கண்ணுக்கு எடுப்பாகப் படாது. துப்பாக்கியோடு வரும் மற்றவர்களுக்குப் படும்.