லாரியில் வானொலி

விடியற்காலை மூன்று மணி. கிருஷ்ணகிரியில் தக்காளிப் பெட்டிகள் லாரியில் ஏறிவிட்டன. பெங்களூரு கலாசிபாளையம் சந்தைக்குப் போக வேண்டும். சுமார் 90 கிலோமீட்டர் தூரம். ஓட்டுநருக்குத் துணை யார்? வானொலிதான்.

வானொலி கேட்கக் காது போதும். கண் சாலையிலேயே இருக்கும். கைப்பேசியில் பாட்டுத் தேடினால் கண் சாலையை விட்டு விலகும்.

பெங்களூரு எஃப்.எம். பாட்டு முதலில் கரகர என்கிறது. ஓசூர் நெருங்க நெருங்கத் தெளிவாகிறது. ஏன்? எஃப்.எம். அலை நேராகப் போகும். குன்று மறைத்தால் தடைபடும். தூரம் கூடினால் பூமியின் வளைவும் மறைக்கும். மத்திய அலை தரையை ஒட்டி வளைந்து போகும். இரவில் வானத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தொலைவு போகும். முன்பு இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுகளைத் தமிழ்நாட்டில் பலர் மத்திய அலையில்தான் கேட்டார்கள்.

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 ஜூலை 3 அன்று ரேடியோ சிட்டி பெங்களூருவில் தொடங்கியது. நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் அது. இப்போது அங்கே பல நிலையங்கள். பகலில் எந்தச் சாலையில் நெரிசல் என்றும் சொல்கிறார்கள். கன்னடத்தில்தான். கேட்டுக் கேட்டே கன்னடம் பழகிய தமிழ் ஓட்டுநர்கள் உண்டு.

கண் சொருகும்போது சிலர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அதனால் தூக்கம் போகாது. பின்னால் வரும் வண்டியின் ஹார்ன்தான் கேட்காது. அத்திப்பள்ளிக்கு முன் டீக்கடை ஓரமாக லாரியை நிறுத்தலாம். இருபது நிமிடம் கண்ணயரலாம். அதற்குள் தக்காளி அழுகிவிடாது.